தெரிகிற மாதிரி ஒரு கண்ணாடி

டப்.

கண்ணாடிக்கூடு மூடுகிற சத்தம் அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் தட்டச்சு வேலை பார்க்கிற அலுவலகத்தில், பக்கத்து மேசைக்காரப் பெண் மதியச் சாப்பாட்டுக்கு எழும்போது தன் வெள்ளெழுத்துக் கண்ணாடியைக் கழற்றிக் கறுப்புக் கூட்டுக்குள் வைத்து மூடுவாள். கூட்டின் வாய் வெடுக்கென்று கவ்விக்கொள்ளும். அந்த நொடியில் என் கை என் முகத்துக்குப் பறந்துவிடும். இருக்கிறதா? இருக்கிறது. மூக்கின் மேல் அதன் இடத்தில் கனமாக, சொந்தக்காரி மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

ஒரு நாள் அவள் கேட்டேவிட்டாள்.

"என்னக்கா, நான் கண்ணாடியக் கழட்டினா நீங்க ஒங்க கண்ணாடியத் தடவிப் பாக்குறீக?"

"களவு போயிருமோன்னு ஒரு பயம்."

"மூக்குல இருக்கிறதையா களவாங்குவாக?"

"மூக்குல இருந்துதாம்மா ஒரு தடவ போச்சு."

சிரித்துக்கொண்டே சோற்று டப்பாவைத் திறந்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த டப் காதுக்குள் மூடாமல் நின்றது. இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சத்தத்துக்குள் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. தவில் இருக்கிறது, அரைத்த சந்தன வாசனை இருக்கிறது, ஈரத் தாழம்பூ இருக்கிறது. முகங்கள்தான் இல்லை.

என் கல்யாணத்தை நான் பார்க்கவில்லை.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே தூரத்துப் பார்வை கிடையாது. முகத்தை ஒட்டி நாலு விரற்கடைக்குள் வருவது எதுவோ அது துல்லியம்; அதைத் தாண்டியதெல்லாம் தண்ணீர் ஊற்றிய வண்ணக் கோலம். பள்ளிக்கூடத்து டீச்சர் சொல்லி, முதல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளியே வந்த அன்றைக்குத்தான் எங்கள் ஊர்க் கோபுரத்தில் கிளிகள் உட்காருகின்றன என்பதே எனக்குத் தெரிந்தது. அதுவரை கோபுரந்தான் கீச்கீச்சென்று கத்துகிறது என்று நினைத்திருந்தேன். அதற்குப் பிறகு குளிக்கவும் தூங்கவும் தவிர அதை நான் கழற்றியதில்லை. 'சோடாபுட்டி' என்று கூப்பிட்டார்கள். கூப்பிடட்டும். கூப்பிடுகிறவன் மூஞ்சி தெரிந்ததே, அது போதாதா?

கல்யாணத்தன்று என்னை அலங்காரம் செய்தவள் அத்தை, அப்பாவின் தங்கை. ஜடை பின்னி, பூ வைத்து, நெற்றிச்சுட்டியைக் கட்டி, தள்ளி நின்று ஒரு தடவை பார்த்தாள். பொறவு இரண்டு கையாலும் என் கண்ணாடியை எடுத்தாள்.

"அத்தை, எனக்குக் கண்ணு தெரியாது."

"ஒனக்கு என்னத்துக்குடி தெரியணும்? இன்னைக்கு ஊருக்கு நீ தெரிஞ்சாப் போதும். மணவறையில சோடாபுட்டியோட உக்காந்தா போட்டோ வெளங்குமா? தாலி ஏறுனதும் தாரேன்."

டப். கூடு அவள் பைக்குள் போனது. உலகமும் கூடவே போனது.

கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்கார வைத்தார்கள். குத்துவிளக்கின் ஐந்து முகமும் சேர்ந்து ஒரே பூசணிப்பூ. எதிரே சிவப்பும் பச்சையுமாகச் சேலைகள் கரைந்து ஓடின. யாரோ சிரித்தார்கள், யாரைப் பார்த்து என்று தெரியாமல் நானும் சிரித்தேன். யாரோ அழுதார்கள், அம்மாவின் மூக்குறிஞ்சல் அது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

மாலை மாற்றுகிற நேரம். எங்கள் பக்கத்தில் பெண்ணின் கூடப்பிறந்தவன்தான் மாப்பிள்ளைத் தோழன். அவனுக்கும் பட்டுவேட்டி, அவனுக்கும் கழுத்தில் மாலை, மாப்பிள்ளைக்குத் தோளோடு தோளாக நிற்பான். அப்போது என் தம்பி நெடுநெடுவென்று வளர்ந்திருந்தான். எனக்கு முன்னால் இரண்டு வெள்ளைத் தூண். இரண்டிலும் பூ. ஒன்று என் புருஷன், ஒன்று என் தம்பி. "போடும்மா, போடு" என்று குரல்கள் நெருக்கின. நான் மாலையைத் தூக்கிக்கொண்டு வலப்பக்கத் தூணை நோக்கி நகர்ந்தேன்.

"ஏட்டி! அது ஒன் தம்பிட்டி!"

அத்தையின் குரல். மண்டபம் இடிந்து விழுந்த மாதிரி சிரிப்பு. நாதஸ்வரம்கூட ஒரு பிசிறு பிசிறி நின்று திரும்பத் தொடங்கியது. என் கைகள் காற்றில். மாலை எடை கூடிக்கொண்டே போனது. அப்போது இடப்பக்கத் தூண் ஓர் எட்டு வைத்து நகர்ந்து, மாலைக்குக் கீழே தன் தலையைக் கொண்டுவந்து தானே வைத்தது. குனிந்த அந்தத் தலையின் தேங்காயெண்ணெய் வாசம்தான் என் புருஷனைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் நிச்சயம். அந்த மனுஷனைப் பற்றி எனக்கு என்றைக்கும் ஒரு பெருமை உண்டு என்றால், அது அந்த ஓர் எட்டில் தொடங்கியது.

அவருடைய முகத்தைச் சரியாகப் பார்த்தது பொறவுதான். ராஜபாளையம் போகிற காரில், சத்தத்தில் காது கேட்காமல், என்னமோ கேட்பதற்காக என் பக்கம் குனிந்தார். நாலு விரற்கடைக்குள் வந்தார். புருவத்தில் ஒரு தழும்பு, மீசையில் ஒட்டிய ஒரு அட்சதை அரிசி. "கண்ணாடி எங்க?" என்று கேட்டார். இதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

கண்ணாடி மறுவீட்டுக்குப் பலகாரத்தோடு வந்து சேர்ந்தது. கல்யாணம் அதற்குள் முடிந்துவிட்டிருந்தது.

ஆனால் அந்தக் கதை முடியவில்லை. எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், இலை போடுவதற்கு முன்னால் அது பரிமாறப்பட்டது. 'தம்பிக்கே மாலை போடப் போனவ இவதான்.' வருஷம் போகப் போகக் கதைக்குக் கை கால் முளைத்தது. நான் மாலையைப் போட்டே விட்டேன் என்றார்கள். தம்பி மணவறையை விட்டு ஓடினான் என்றார்கள். தம்பியே நடித்துக் காட்டுவான், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. கதையில் எல்லாம் இருந்தது. மாலை இருந்தது, நாதஸ்வரத்தின் பிசிறு இருந்தது, அத்தையின் கூப்பாடு இருந்தது. என் கண்ணாடி மட்டும் இல்லை. அதை யாரும் சொல்வதே இல்லை. கண்ணைக் கட்டி விடப்பட்டவளாக இல்லை, வெறும் கூறுகெட்டவளாக நின்றேன் நான் அந்தக் கதையில்.

அதற்குப் பின்னால் எத்தனையோ கண்ணாடி மாற்றினேன். பவர் ஏறும், லென்ஸ் மாறும், சட்டம் மாறும். ஒவ்வொரு கடையிலும் ஒரே வாக்கியம் காத்திருக்கும்: "இதப் போடுங்க, போட்டதே தெரியாது." மெல்லிய கம்பி, தோல் நிறத்துப் பிளாஸ்டிக், கீழ்விளிம்பு இல்லாதது, எல்லாம் போட்டதே தெரியாதவை. நானும் அதையே கேட்டு வாங்கப் பழகிவிட்டேன். முகத்தில் ஒன்றை மாட்டிக்கொண்டு, அது இல்லை என்று ஊரோடு சேர்ந்து நானும் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நம் பாஷையில் தெரிவது என்று ஒரே சொல்தான். மலை எனக்குத் தெரிகிறது. நான் மலைக்குத் தெரிகிறேனா? விஷயம் தெரியும். ஆளைத் தெரியும். கண்ணுக்குத் தெரிவதும், கண்ணில் படுவதும், மனதுக்குப் புரிவதும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. அத்தை அன்றைக்குச் சொன்னதும் அதுதானே. ஒனக்கு என்னத்துக்குத் தெரியணும், நீ தெரிஞ்சாப் போதும். ஒன்று வேண்டுமானால் இன்னொன்றைக் கொடு என்றாள். இரண்டும் சேர்ந்து கிடைக்காதா என்று எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

என் மகளுக்கு ஒரு விளையாட்டு உண்டு சின்னதில். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு நான் கண்ணாடி இல்லாமல் உட்கார்ந்திருப்பேன். என் மூக்கோடு மூக்கு வைத்து நிற்பாள். "தெரியுறேனா?" "தெரியுற." ஓர் அடி பின்னால் போவாள். "தெரியுறேனா?" "கொஞ்சமாத் தெரியுற." இன்னும் பின்னால். "இப்போ?" "தெரியலையே. எங்க போயிட்ட?" என்று நான் கையை நீட்டித் துழாவ வேண்டும். கத்திக்கொண்டே ஓடிவந்து எண்ணெய் முகத்தில் வந்து ஒட்டிக்கொள்வாள். எனக்கு அது விளையாட்டு இல்லை. அந்த ஒரு நொடி அவள் நிஜமாகவே இல்லாமல் போவாள்.

அவள் படித்து, கோயம்புத்தூரில் வேலைக்குப் போய், தன்னோடு வேலை பார்க்கிற கான்சாபுரத்துப் பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். நல்ல குடும்பம், நெல்லும் தென்னையும் பார்க்கிற மனிதர்கள். எல்லாம் கூடி வந்தது. மண்டபம் பேசிய மறுநாளே அத்தை போன் செய்தாள்.

"ஏட்டி, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கிடாத. இப்பல்லாம் வீடியோ, ட்ரோனுன்னு பெருசா எடுக்காக. நீ பொண்ணுக்கு ஆத்தா, மணவறையில முன்னால நிக்கணும். மகூர்த்த நேரம் மட்டும் அந்தச் சோடாபுட்டியக் கழட்டி வச்சிரு. செத்த நேரந்தான். நான் பத்திரமா வச்சுத் தாரேன்."

போனுக்குள் ஒரு டப் கேட்டது எனக்கு.

"அத்தை, என் கல்யாணத்தத்தான் நான் பாக்கல. என் மக கல்யாணத்தையாச்சும் பாக்க விடு."

 "நல்லதுக்குத்தானடி சொன்னேன்" என்று வைத்துவிட்டாள்.

அத்தை ஒருத்தியை மறுத்தாயிற்று. அன்றைக்கு மேடையில் எத்தனை பேர் இருப்பார்கள்? போட்டோக்காரர் சொல்லுவார், சம்பந்தி வீட்டில் யாராவது சொல்லுவார்கள், என் மனசே சொல்லும். போட்டதே தெரியாத கண்ணாடியைக் கழற்றுவது சுலபம். இருப்பதே தெரியாததை எடுத்தால் யாருக்கு என்ன? அதனால் ஒரு முடிவுக்கு வந்தேன். போட்டால் தெரிகிற கண்ணாடி வாங்க வேண்டும். முகத்தில் மூக்கு மாதிரி, இது இல்லாமல் இந்த முகம் கிடையாது என்று எவரும் சொல்லும்படியான ஒன்று.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில், தேரடிக்குப் போகிற வழியில் இருக்கிற கண்ணாடிக் கடைக்குப் போனேன். என் புருஷன் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்துகொண்டார். கடைப்பெண் சுறுசுறுப்பானவள். என் லென்சின் தடிமனைப் பார்த்ததும் ஒரு தட்டை எடுத்து வைத்தாள்.

"அக்கா, இதெல்லாம் லேட்டஸ்ட். போட்டதே..."

"தெரியக் கூடாதுன்னா நான் எதுக்கும்மா வாங்கணும்? தெரியுற மாதிரி எடு."

அவள் முழித்தாள். இப்படிக் கேட்டு வந்தவர்கள் கல்லூரிப் பிள்ளைகளாக இருந்திருப்பார்கள். தட்டு மாறியது. கறுப்பு, கருநீலம், ஆமை ஓட்டுப் புள்ளி, பூனைக்கண் போல ஓரத்தில் தூக்கியது, வட்டம், சதுரம். 

இனிமேல்தான் சிக்கல். புதுச் சட்டத்தைப் போட்டுப் பார்க்க வேண்டுமானால் என் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். புதுச் சட்டத்தில் வெறும் கண்ணாடிச் சில்லு, பவர் கிடையாது. போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் நின்றால், எதிரே ஒரு மாநிறக் கோலம் நிற்கிறது, அவ்வளவுதான். அது நானா, பக்கத்தில் நிற்கிற அவரா என்றே சொல்ல முடியாது. கிட்டப் போனால் மூக்கு கண்ணாடியில் இடிக்கிறது. ஒரு கண்ணும் ஒரு மூலையும் தெரிகிறது, முகம் தெரியவில்லை. கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நான் குருடி. கண்ணாடி போடுகிற எல்லோருக்கும் இந்தக் கூத்து தெரியும். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் பார்த்துச் சொன்னதைத்தான் நான் மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"எப்படி இருக்கு?" என்று அவரைக் கேட்டேன்.

"நல்லாருக்கு."

அடுத்தது. "நல்லாருக்கு." அதற்கடுத்தது. "இதுவும் நல்லாருக்கு."

"எதுதாங்க நல்லா இல்ல?"

"நீ போட்டா எல்லாம் நல்லாத்தான இருக்கு, நான் என்ன பொய்யா சொல்லுதேன்?" என்றார் பாவமாக. கடைப்பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்புள்ள ஆளைக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டி வரக் கூடாது.

கடைப்பெண் தன் போனில் படம் எடுத்துக் காட்டினாள். என் பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். போன் தன் இஷ்டத்துக்கு என்னை வெளுக்க வைத்து, கன்னத்தை இழைத்து, கண்ணுக்குக் கீழே இருந்த வருஷங்களைத் துடைத்து வைத்திருந்தது. யாரோ ஒரு தங்கச்சி. "இது யாரும்மா?" என்றேன். மகளுக்கு அனுப்பினால் எல்லாப் படத்துக்கும் ஒரு சிவப்பு இதயம் அனுப்பினாள். அப்பனுக்கு ஏற்ற பிள்ளை.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. அல்லது கைக்குத் தோன்றியது, ஏனென்றால் யோசிப்பதற்குள் தம்பிக்குப் போன் போட்டுவிட்டேன். அவனுடைய பால்கோவாக் கடை இரண்டு தெரு தள்ளித்தான். "ஏலே, ஒரு அவசரம். கண்ணாடிக் கடைக்கு வா."

என்னமோ ஏதோ என்று கல்லாவை ஆளிடம் விட்டுவிட்டு ஓடி வந்தான். சட்டையெல்லாம் சுண்டின பால் வாசம். பயந்த முகத்தோடு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னக்கா? கண்ணுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. உக்காரு. இந்த ஃப்ரேமப் போடு."

"நானா?"

"ஒன் மூஞ்சிதான என் மூஞ்சி."

உண்மை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அகலம், ஒரே மேடான கன்னம், நுனியில் கொஞ்சம் பருத்த அப்பாவின் மூக்கு. அவனுக்கு மீசை, எனக்குப் பொட்டு. அதைத் தவிர ஒரே அச்சு. அவன் முகத்தில் போட்டுப் பார்த்தால் என் முகத்தில் பார்த்த மாதிரி. நான் என் சொந்தக் கண்ணாடியோடு, முழுப் பார்வையோடு, நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

கடைப்பெண் அவன் கையைப் பார்த்தாள். "அண்ணாச்சி, கைய மட்டும் தொடச்சிட்டு... நெய் ஒட்டுது."

துடைத்தான். பூனைக்கண் சட்டத்தை மாட்டினான். ஐம்பதை நெருங்குகிற ஆள், அடர்ந்த மீசை, காதோரம் நரை, அதற்கு மேலே ஓரம் தூக்கிய பெண்பிள்ளைக் கண்ணாடி. உள்ளே லென்ஸ் வாங்க வந்திருந்த ஒரு குடும்பம் பேச்சை நிறுத்திவிட்டது.

"திரும்பு. இந்தப் பக்கம். சிரி."

"சிரிக்கவா? அக்கா, கடையில யாவாரம் நடக்குது. என் மானம் போகுது."

"அன்னைக்கு என் மானம் போனப்ப நீ வேட்டிய மடிச்சுக் கட்டி நடிச்சேல்ல? இன்னைக்கு நடி."

அவர் சத்தமாகச் சிரித்தார். தம்பி அடுத்ததை எடுத்து மாட்டினான். வட்டம் அவனைப் புதுசாக வந்த வாத்தியார் ஆக்கியது. சதுரம் வட்டிக்காரன் ஆக்கியது. கருநீலம் பரவாயில்லை, ஆனால் அது மன்னிப்புக் கேட்கிற நிறம். ஒவ்வொன்றிலும் நான் என்னைப் பார்த்தேன். இப்படித் தள்ளி நின்று, அவசரமில்லாமல், யாருடைய வாய்வழியாகவும் இல்லாமல் என் முகத்தை நான் பார்த்தது அன்றைக்குத்தான். நல்ல முகம். எழுதி வைத்துக்கொள்ளலாம் போல நல்ல முகம்.

பொறவு அது வந்தது. நாவல்பழ நிறம். கறுப்பு என்று நினைத்தால் விளக்கு பட்டதும் உள்ளுக்குள்ளிருந்து சிவப்பு எழும்புகிறது. தடிமன், அகலக் காம்பு, மேல்விளிம்பு புருவத்தோடு சேர்ந்து ஓடுகிறது. தம்பி அதை மாட்டிக்கொண்டு நிமிர்ந்ததும் கடைப்பெண் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"அக்கா" என்றான் நிலைக்கண்ணாடியைப் பார்த்தபடி. "இதுல நீ ஒரு ஜட்ஜம்மா மாதிரி இருக்க."

"நீயா, நானா?"

"நீதான். நான் எங்க இருக்கேன் இதுல?"

கடைப்பெண்ணும் தலையாட்டினாள். "ஒங்க பவருக்கு இந்தத் தடிமன்தான்க்கா சரி. லென்ஸ் ஓரம் உள்ள போயிரும்." வெளிச்சம் அடிக்காத கோட்டிங் வேண்டும் என்று நானே கேட்டேன். போட்டோக்காரர் என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியும்.

தம்பி கழற்றி என் கையில் கொடுத்தான். அவன் முகத்துச் சூடு அதில் இருந்தது, லேசாக நெய் வாசமும். மாலையைத் தான் முதலில் சூடி அழகு பார்த்துவிட்டுக் கொடுத்தவளின் ஊர் இது. அவள் எட்டிப் பார்த்த கிணற்றுக்குக் கண்ணாடிக் கிணறு என்றே பேர். என் தம்பி மீசையோடு அதைச் செய்தான், அவ்வளவுதான்.

வாசலில் செருப்பை மாட்டும்போது மெதுவாகக் கேட்டான்.

"ஏன்க்கா, அன்னைக்கு ஒனக்கு எம்புட்டு தெரிஞ்சுச்சு?"

"ரெண்டு வெள்ளைத் தூண் தெரிஞ்சுச்சு."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்."

 "இது எனக்குத் தெரியாதுக்கா" என்றான். அன்றிலிருந்து அவன் வேட்டியை மடித்துக் கட்டி நடிக்கவில்லை.

மகள் கல்யாணத்தன்று ராஜபாளையத்து மண்டபத்தில் பட்டுச் சேலையும் மல்லிகையும் மூச்சு முட்டின. நாவல்பழக் கண்ணாடியோடு நான் படியேறியதும் போட்டோக்காரர் எதிர்பார்த்த மாதிரியே வந்தார்.

"மேடம், ஒரே ஒரு ஸ்நாப், கண்ணாடி இல்லாம..."

"வெளிச்சம் அடிக்காது தம்பி, கோட்டிங் போட்டிருக்கு. எடுத்துப் பாருங்க."

எடுத்தார். கேமராவின் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இதுவே சூப்பர் மேடம்" என்று போய்விட்டார். சம்பந்தியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "இந்தக் கலரு எங்க வாங்குனீக?" என்று கேட்டார். பயந்ததெல்லாம் அவ்வளவுதான்.

நான் பார்த்தேன். மகள் நெற்றியில் வியர்வை புள்ளிபுள்ளியாக எழுந்து பொட்டை நோக்கி இறங்குவதைப் பார்த்தேன். மாப்பிள்ளை வேட்டி நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்ப்பதைப் பார்த்தேன். கடைசி வரிசையில் யார் தூங்குகிறார்கள், பந்திக்கு யார் முன்னாலேயே நழுவுகிறார்கள், தவில்காரர் எந்த விரலில் உறை போடவில்லை, எல்லாம். என் புருஷன் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துவிட்டு, துடைக்காத மாதிரி கூரையைப் பார்ப்பதைப் பார்த்தேன். என் அம்மா என் கல்யாணத்தில் எந்தப் பக்கம் நின்று அழுதாள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நான் எங்கே நின்று அழுதேன் என்பது என் மகளுக்குத் தெரியும். என் கண்ணாடி அந்த மேடையில் கலங்கரை விளக்கு மாதிரி இருந்தது.

மாலை மாற்றும்போது தோழனாக நின்றது என் கொழுந்தன் மகன், மகளுக்குத் தம்பி முறை. அவனும் நெடுநெடுவென்று. கூட்டத்தில் யாரோ ஒருவர் பழக்கதோஷத்தில் ஆரம்பித்தார்:

"ஏட்டி, ஆளப் பாத்துப் போடு! ஒங்க அம்மா மாதிரி தம்பிக்குப் போட்டுறாத!"

சிரிப்பு எழும்பியது. அதே சிரிப்பு. ஆனால் இந்தத் தடவை சிரிக்கிற ஒவ்வொரு முகமும் எனக்குத் தெரிந்தது. நான் திரும்பி, மேடையின் நுனிக்கே வந்து, தவிலுக்கு மேலே கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"அன்னைக்கு என் கண்ணாடியக் கழட்டி வச்சிட்டாக! குருடியா நிக்க வச்சா எவளும் அப்படித்தான் போடுவா!"

 முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தை ஊன்றுகோலைத் தரையில் தட்டினாள்.

"ஆமா, நாந்தான் கழட்டுனேன்! அழகா இருக்கட்டும்னுதான் கழட்டுனேன்."

"அழகாத்தான் இருந்தேன் அத்தை. நாந்தான் பாக்கல."

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பொறவு பக்கத்தில் இருந்தவளிடம், ஊருக்கே கேட்கிற ரகசியத்தில், "இந்தக் கண்ணாடி அவளுக்கு எடுப்பா இருக்குல்ல?" என்றாள். அப்போது எழும்பிய சிரிப்பு வேறு சிரிப்பு. அதற்குள் என் மகள் மாலையைச் சரியான கழுத்தில் போட்டுவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் கான்சாபுரத்துக்குக் கார் புறப்பட்டது. மகளை உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். எனக்கு அழுகை வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வரவில்லை. அழுதால் லென்ஸ் மங்கிவிடும். ஒரு நொடிகூட நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. கார் ஊர்ந்து, ஜனங்களை விலக்கி, மண்டபத்து வளைவைத் தாண்டிச் சாலையில் ஏறிய இடத்தில் நின்றது. பின்சீட்டுக் கண்ணாடி இறங்கியது. தலையை வெளியே நீட்டி, எண்ணெய்க்குளியல் நாட்களின் அதே குரலில், அங்கிருந்தே கத்தினாள்.

"அம்மா! தெரியுறேனா?"

"தெரியுற! எடது கண்ணுல மை வழிஞ்சிருக்கு, தொடச்சுக்கோ!"